போதைப்பொருள் கடத்துவோருக்கு மரண தண்டனை தகுமா?

முன்னுரை

சென்ற பருவத்தில் எங்கள் வகுப்பு இலக்கிய மன்றத்தில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. "போதைப்பொருள் கடத்துவோருக்கு மரண தண்டனை விதிப்பது முறையா?" என்பது தலைப்பு. பேச்சுத் தொடங்குமுன் ஆசிரியை எங்களைக் கை உயர்த்தச் சொன்னார்கள். "முறையே" என்று உயர்ந்த கைகளே மிகுதி. "முறையன்று" என்றவர் ஒரு சிலர்தாம்.

இரு அணியினரும் பேசி முடித்தபின், கடைசி வரிசையிலிருந்து தோழி ஒருத்தி எழுந்தாள். அவள் எந்த அணியிலும் பெயர் கொடுக்காதவள். "எங்க சித்தி மகன் எனக்கு அண்ணன் முறை. படிப்புல கெட்டிக்காரன். இப்போ அவன் வீட்டில் இருந்தால் சித்தி பீரோச் சாவியை இடுப்பை விட்டு எடுக்கமாட்டாங்க. அவனுக்கு அந்தப் பொடியை முதல்ல கொடுத்தவனைத் தூக்குல போடலாமா, கூடாதான்னு நீங்க பட்டிமன்றம் நடத்துறீங்க. சித்திகிட்ட வந்து கேளுங்க" என்று சொல்லிவிட்டு அமர்ந்துவிட்டாள். மணி அடித்தது. தீர்ப்பு வழங்கப்படாமலே மன்றம் கலைந்தது.

விடுபட்ட அந்தத் தீர்ப்பை எழுதும் பொறுப்பை ஆசிரியை எங்கள் அறுவரிடம் ஒப்படைத்தார்கள். நூலகத்தில் கிடைத்தவற்றைப் படித்தும், எங்களுக்குள் வாதாடியும் நாங்கள் கண்டறிந்ததே இக்கட்டுரை. எங்கள் அறுவரில் நால்வர் அன்று "முறையே" என்று கை உயர்த்தியவர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

தீமையின் அளவு

கசகசாச் செடியின் பச்சைக் காயைக் கீறினால் பால் வடியும். அது உறைந்தால் அபின். அபினில் இருந்து பிரித்தெடுக்கப்படுவது மார்ஃபின். புற்றுநோயாளிகளின் தாங்க முடியாத வலியைத் தணிக்க இன்றும் மருத்துவர்கள் அதைத் தருகிறார்கள். அந்த மார்ஃபினை வேதியியல் முறையில் மாற்றினால் கிடைப்பது ஹெராயின். 1898-இல் ஜெர்மனியில் இது இருமல் மருந்தாகவே விற்பனைக்கு வந்தது என்பதை அறியும்போது வியப்பாக இருக்கிறது. மருந்து எது, நஞ்சு எது என்பதை மனிதன் சில வேளைகளில் எவ்வளவு தாமதமாக உணர்கிறான்!

ஹெராயின் மூளைக்கு விரைந்து செல்கிறது. சில நாள் பழகிய உடல் அது இல்லாமல் இயங்க மறுக்கிறது. வேளைக்குக் கிடைக்காவிட்டால் உடல் நடுங்கும், எலும்பு வலிக்கும், வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், தூக்கம் போகும். அளவு மீறினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றேவிடும். ஒரே ஊசியைப் பலர் பயன்படுத்துவதால் எய்ட்ஸ் நோய்க் கிருமியும் கல்லீரல் அழற்சியும் பரவுகின்றன. இவை உடலுக்கு வரும் கேடுகள். வீட்டுக்கு வரும் கேட்டை எங்கள் தோழி ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்: பெற்ற தாய் மகனுக்குப் பயந்து சாவியை மறைக்கிறாள்.

சிங்கப்பூர் அரசு ஒரு கணக்குச் சொல்கிறது. 15 கிராம் தூய ஹெராயின் ஏறத்தாழ 180 பேரின் பழக்கத்திற்கு ஒரு வாரம் போதுமாம். 15 கிராம் என்பது சில தேக்கரண்டி அளவுதான். கைக்குள் அடங்கும் பொட்டலம் நூற்றுக்கு மேற்பட்ட வீடுகளைக் கலக்கும் என்றால், அதைச் சுமந்து வருபவன் மீது சினம் வருவது இயல்பே.

பழைய வரலாறு ஒன்று

இந்தக் கேள்வி இன்று நேற்றுத் தோன்றியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி பீகாரிலும் காசிப் பகுதியிலும் உழவர்களைக் கொண்டு அபின் விளைவித்து, கல்கத்தாவில் ஏலம் விட்டது. வணிகர்கள் அதைக் கப்பலேற்றிச் சீனாவிற்குள் கள்ளத்தனமாகக் கொண்டு சென்றனர். சீனப் பேரரசு அபின் வணிகத்திற்கு மரண தண்டனை விதித்தது. 1839-இல் லின் சேஷு என்னும் அதிகாரி கான்டன் நகருக்கு வந்து, இருபதாயிரத்திற்கும் மேற்பட்ட பெட்டி அபினைப் பறிமுதல் செய்து அழித்தார். "இனி அபின் கொண்டுவந்தால் மரண தண்டனைக்கு உடன்படுகிறோம்" என்று அயல்நாட்டு வணிகர்கள் எழுதித் தர வேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

நடந்தது என்ன? பிரிட்டன் போர் தொடுத்தது. 1842-இல் சீனா தோற்று, ஹாங்காங் தீவை விட்டுக்கொடுத்தது. அபின் வணிகம் நிற்கவில்லை. சீனத்துச் சிறு வணிகர்களுக்கும் புகைத்தவர்களுக்கும் எட்டிய சட்டம், ஏலம் விட்ட கம்பெனியை எட்டவில்லை. "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்?" என்னும் நம் பழமொழிக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? இவ்வரலாற்றை நினைவில் வைத்துக்கொண்டு இக்காலத்திற்கு வருவோம்.

நாடுகளின் சட்டங்கள்

சிங்கப்பூரில் போதைப்பொருள் சட்டம் 1973-இல் இயற்றப்பட்டது. 1975-இல் மரண தண்டனை அதில் சேர்க்கப்பட்டது. 15 கிராமுக்கு மேல் ஹெராயின், அல்லது 500 கிராமுக்கு மேல் கஞ்சா கடத்தியதாக நிறுவப்பட்டால் தூக்குத் தண்டனை. நீண்ட காலம் நீதிபதி வேறு தண்டனை தர இயலாத கட்டாயச் சட்டமாகவே அது இருந்தது. 2022-ஆம் ஆண்டில் மட்டும் அங்கே 11 பேர் தூக்கிலிடப்பட்டனர். 11 பேரும் போதைப்பொருள் வழக்கில் தண்டிக்கப்பட்டவர்களே.

மலேசியாவில் 1952-ஆம் ஆண்டின் அபாயகர மருந்துச் சட்டத்தில் 1975-இல் மரண தண்டனை சேர்க்கப்பட்டு, 1983-இல் கட்டாயமாக்கப்பட்டது. இலங்கையில் 1984-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 2 கிராம் ஹெராயின் கடத்தினாலே மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கலாம். ஆயினும் 1976-க்குப் பின் அங்கு யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019-இல் அன்றைய குடியரசுத் தலைவர் மைத்திரிபால சிறிசேன, போதைப்பொருள் குற்றவாளிகள் நால்வரின் தண்டனையை நிறைவேற்றக் கையொப்பமிட்டதாக அறிவித்தார். உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது.

நம் இந்திய நாட்டில் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. 1989-இல் செய்த திருத்தம், மிகப் பெரிய அளவில் மீண்டும் இக்குற்றம் புரிவோருக்கு மரண தண்டனையைக் கட்டாயமாக்கியது. 2011-இல் பம்பாய் உயர் நீதிமன்றம், "கட்டாயம்" என்பது அரசமைப்புக்கு ஒவ்வாது என்று தீர்ப்பளித்தது. 2014-இல் நாடாளுமன்றமும் சட்டத்தைத் திருத்தி, தண்டனையை நீதிபதியின் முடிவுக்கு விட்டது. இச்சட்டத்தின் கீழ் இந்தியாவில் எவரும் தூக்கிலிடப்பட்டதில்லை.

தண்டனை வேண்டும் என்போர் வாதம்

எதிர்க்கட்சியின் வாதத்தைக் குறைத்துச் சொல்லி வெல்வது வெற்றியாகாது. ஆகவே அவ்வாதங்களை அவற்றின் முழு வலிவோடு கூறுகிறோம்.

முதலாவது: கொலையாளி ஒருவரைக் கொல்கிறான். கடத்துபவனோ தான் முகமறியாத பலரைச் சிறிது சிறிதாகக் கொல்கிறான். சினத்தால் அல்ல, பணத்திற்காகக் கணக்குப் போட்டுச் செய்கிறான். ஆகவே இது கொலையினும் கொடிது.

இரண்டாவது: கணக்குப் போட்டுச் செய்பவனே தண்டனைக்கு அஞ்சுவான். சட்டத்தில் குறித்த அளவைத் தாண்டாமல் கடத்தல்காரர்கள் பொட்டலங்களைச் சிறிதாக்குகிறார்கள் என்றும், அதுவே அச்சம் வேலை செய்வதன் அடையாளம் என்றும் சிங்கப்பூர் அரசு வாதிடுகிறது. அபின் மிகுதியாய் விளைந்த "பொன் முக்கோணம்" எனப்படும் பர்மா, லாவோஸ், தாய்லாந்து எல்லைப் பகுதிக்கு அண்மையில் இருந்தும் அந்நகரம் ஒழுங்காக இருப்பதை யாரும் மறுக்க முடியாது.

மூன்றாவது: சமூகத்தைக் காப்பது அரசின் கடமை. திருவள்ளுவரும் செங்கோன்மை அதிகாரத்தின் கடைசிக் குறளில், கொடியவரை அரசன் கொலைத் தண்டனையால் ஒறுப்பதைப் பயிர் காக்கக் களை எடுப்பதற்கு ஒப்பிடுகிறார். களைக்கு இரங்கினால் பயிர் பிழைக்குமா?

இந்த மூன்றாவது வாதமே எங்களுள் பலரைக் கை உயர்த்த வைத்தது. ஆனால் களையெடுக்கும் உழவர் முதலில் செய்வது என்ன? எது களை, எது பயிர் என்று குனிந்து பார்ப்பது. நாங்களும் அவ்வாறே பார்க்க முயன்றோம்.

தூக்குமேடைக்கு வருபவர் யார்?

2009 ஏப்ரலில் மலேசியத் தமிழ் இளைஞர் நாகேந்திரன் தர்மலிங்கம் சிங்கப்பூரின் உட்லண்ட்ஸ் எல்லைச் சாவடியில் பிடிபட்டார். தொடையில் கட்டியிருந்த பொட்டலத்தில் 42.72 கிராம் ஹெராயின் இருந்தது. தம்மை மிரட்டிச் செய்வித்ததாக அவர் கூறியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. அவருடைய அறிவுத்திறன் அளவு 69 என மருத்துவச் சோதனையில் பதிவாகியிருந்தது. அது சராசரியை விட மிகக் குறைவு. ஆயினும் தாம் செய்வது என்னவென்று அவர் அறிந்தே செய்தார் என நீதிமன்றங்கள் முடிவு செய்தன. பல நாடுகளில் இருந்து எழுந்த வேண்டுகோள்கள் பயனற்றுப் போயின. 2022 ஏப்ரல் 27-இல் அவர் தூக்கிலிடப்பட்டார். 13 ஆண்டுகள் சிறையில் கழித்த பின்னர்!

இன்னொருவர், மலேசியாவின் சபா மாநிலத்தைச் சேர்ந்த யோங் வூய் கோங். 2007-இல் 47.27 கிராம் ஹெராயினுடன் பிடிபட்டபோது வயது 19. அவருக்கும் மரண தண்டனையே விதிக்கப்பட்டது. மேல்முறையீடுகளால் நாள் தள்ளிக்கொண்டே போயிற்று. இதற்கிடையில் 2012-இல் சிங்கப்பூர் தன் சட்டத்தைச் சிறிது தளர்த்தியது. பிறருக்காகச் சுமந்து சென்றவர் மட்டுமே என்று நிறுவப்பட்டு, அதனோடு புலனாய்வுக்குக் கணிசமாக உதவினார் என்று அரசு வழக்கறிஞர் சான்றிதழும் அளித்தால், ஆயுள் தண்டனையும் பிரம்படியும் தரலாம். மனநலக் குறைபாடு பொறுப்புணர்வைப் பெரிதும் பாதித்திருந்தால் ஆயுள் தண்டனை தர வேண்டும். யோங்குக்கு 2013-இல் தண்டனை மாற்றப்பட்டது. அவர் பிழைத்தார்.

தோழியரே, இவ்விரு வழக்குகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கூடுதலாகச் சுமந்தவர் உயிரோடு இருக்கிறார். குறைவாகச் சுமந்தவர் இறந்தார். நாகேந்திரனுக்கு அச்சான்றிதழ் கிடைக்கவில்லை. அதை வழங்குவது நீதிபதி அல்லர், வழக்குத் தொடுக்கும் அரசு வழக்கறிஞர். உதவி புரிய விரும்பினாலும், சொல்வதற்குச் செய்தி இருந்தால்தானே சொல்ல முடியும்? கூட்டத்தில் மேலே இருப்பவனுக்குப் பெயர்கள் தெரியும், கிட்டங்கி தெரியும், வழி தெரியும். கீழே சுமப்பவனுக்குப் பொட்டலத்தைத் தந்த கை மட்டுமே தெரியும். எவன் எவ்வளவு கீழே இருக்கிறானோ அவனுக்குத் தப்பும் வழி அவ்வளவு குறுகுகிறது.

பெண்களும் இதில் சிக்குகிறார்கள். 2010-இல் மேரி ஜேன் வெலோசோ என்னும் பிலிப்பைன்ஸ் நாட்டுப் பெண், இரு குழந்தைகளின் தாய், வீட்டு வேலை கிடைக்கும் என்று நம்பி மலேசியா சென்றார். அங்கே வேலை இல்லை என்று கூறி, ஒரு பெட்டியைத் தந்து இந்தோனேசியாவிற்கு அனுப்பினார்கள். ஜோக்ஜகார்த்தா விமான நிலையத்தில் அப்பெட்டியின் உட்புறத்தில் 2.6 கிலோ ஹெராயின் கண்டெடுக்கப்பட்டது. தமக்கு ஒன்றும் தெரியாது என்றே அவர் தொடக்கத்திலிருந்து சொல்லி வந்தார். மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2015 ஏப்ரலில் சுடப்பட வேண்டிய நேரத்திற்குச் சில மணி முன்னர், அவரை வேலைக்கென்று அழைத்துச் சென்ற பெண் பிலிப்பைன்ஸில் போலீசாரிடம் சரணடைந்தார். விசாரணையில் மேரி ஜேனின் சாட்சி தேவைப்பட்டதால் தண்டனை தள்ளி வைக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அவர் தாய்நாட்டிற்கு அனுப்பப்பட்டார்.

அந்தச் சரணடைதல் ஒரு நாள் பிந்தியிருந்தால்? சாட்சி சொல்ல மேரி ஜேன் இருந்திருக்க மாட்டார். இறந்தவரை எந்த நீதிமன்றமும் விசாரணைக்கு அழைக்க முடியாதே!

சட்டத்தின் ஊகம்

பொதுவாகக் குற்றத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் வழக்குத் தொடுப்பவர். போதைப்பொருள் சட்டங்களில் பல இதைத் தலைகீழாக்குகின்றன. சிங்கப்பூரில் 2 கிராமுக்கு மேல் ஹெராயின் ஒருவரிடம் இருந்தால் அது விற்பதற்கே என்று சட்டம் ஊகிக்கிறது. பொருள் தன்னிடம் இருந்தது நிறுவப்பட்டால், அது இன்னதென்று அறிந்தே வைத்திருந்தார் என்றும் ஊகிக்கிறது. "எனக்குத் தெரியாது" என்பதை அவரே மெய்ப்பிக்க வேண்டும். தெரிந்ததை மெய்ப்பிக்கலாம், தெரியாததை எவ்வாறு மெய்ப்பிப்பது? சிறைத் தண்டனை என்றால் பிழையைப் பின்னர் ஓரளவேனும் திருத்தலாம். உயிரை எடுத்த பின் திருத்த என்ன இருக்கிறது?

அச்சம் பயன் தந்ததா?

1983 முதல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் மலேசியாவில் கட்டாயத் தூக்கு இருந்தது. ஆனாலும் கடத்தல் ஒழியவில்லை. 2023 ஏப்ரலில் கட்டாய மரண தண்டனையை நீக்கும் மசோதா நாடாளுமன்றத்தில் விவாதிக்கப்பட்டபோது, மரண தண்டனை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்று துணைச் சட்ட அமைச்சர் ராம்கர்ப்பால் சிங் எடுத்துரைத்தார். மசோதா நிறைவேறி அவ்வாண்டு ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கனவே தண்டிக்கப்பட்டவர்களும் மறுபரிசீலனை கோர வழி செய்யப்பட்டது. தண்டனை அடியோடு நீங்கவில்லை; "கட்டாயம்" நீங்கியது. நீதிபதி இனி மனிதனைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம்.

ஈரானில் போதைப்பொருளுக்காகக் கொல்லப்பட்டோர் மிகப் பலர். 2017-இல் அந்நாடு மரண தண்டனைக்கான ஹெராயின் அளவை 30 கிராமிலிருந்து 2 கிலோவாக உயர்த்தியது. அடுத்த ஆண்டு அத்தகைய மரணங்கள் பெரிதும் குறைந்தன. பின்னர் 2021 முதல் மீண்டும் ஏறின. இத்தனை கடுமைக்குப் பின்னும் ஆப்கானிஸ்தானத்து அபின் ஈரான் வழியே செல்வது நிற்கவில்லை.

ஏன் அச்சம் பயன் தரவில்லை? வகுப்பில் பொருளாதாரம் படிக்கும் எங்களுக்கு விடை கடினமாக இல்லை. வாங்குவோர் இருக்கும் வரை விலை இருக்கும். விலை இருக்கும் வரை முதலாளி இருப்பான். ஒரு சுமைகாரன் பிடிபட்டால், கடனில் மூழ்கிய மற்றொருவனைத் தேடுவான். தூக்குக்கு அஞ்ச வேண்டியவன் அந்த முதலாளி. அவனோ எல்லைச் சாவடிக்கு வருவதே இல்லை.

சிங்கப்பூரின் ஒழுங்குக்குத் தூக்குக் கயிறு மட்டும்தான் காரணமா என்பதும் ஐயமே. சிறிய தீவு, திறமையான காவல், ஊழல் குறைந்த ஆட்சி, எல்லோர்க்கும் வீடும் வேலையும் என்பனவும் அங்கே உண்டு. கயிற்றை மட்டும் பிரித்தெடுத்து அதற்கே பெருமையெல்லாம் தருவது சரியான ஆய்வாகாது.

மனிதன் மாறுவான்

மயூரன் சுகுமாரன் லண்டனில் ஈழத் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்து, ஆஸ்திரேலியாவில் வளர்ந்தவர். 2005-இல் பாலித் தீவிலிருந்து 8 கிலோவுக்கு மேல் ஹெராயின் கடத்த முயன்ற ஒன்பது பேர் பிடிபட்டனர். அக்கூட்டத்தை நடத்திய இருவரில் அவர் ஒருவர். அவர் குற்றமற்றவர் அல்லர். அப்பாவிச் சுமைகாரரும் அல்லர். மற்ற இளைஞர்களை அதில் இழுத்தவர்.

ஆனால் கெரோபோகான் சிறையில் பத்தாண்டுகளில் அவர் வேறொரு மனிதர் ஆனார். ஓவியம் கற்றார். சக கைதிகளுக்குக் கற்றுக்கொடுத்தார். ஆஸ்திரேலியாவின் கர்ட்டின் பல்கலைக்கழகத்தில் நுண்கலைப் படிப்பை அஞ்சல் வழியில் முடித்தார். கூட்டாளி ஆண்ட்ரூ சான் சமயப் பணியில் ஈடுபட்டுக் கைதிகளுக்கு ஆறுதல் சொன்னார். 2015 ஏப்ரல் 29-இல் நூசகம்பாங்கான் தீவில் இவ்விருவரோடு வேறு அறுவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். மயூரனுக்கு வயது 34.

அரசு கொன்றது 2005-இல் கடத்திய இளைஞனையா, 2015-இல் கற்பித்த ஆசிரியரையா? எங்களுள் நெடுநேரம் விவாதத்தை உண்டாக்கிய கேள்வி இது. "திருந்தினால் தண்டனை வேண்டாமா?" என்று ஒருத்தி கேட்டாள். தண்டனை வேண்டும், நீண்ட சிறை வேண்டும். அக்கூட்டத்தில் ஆயுள் தண்டனை பெற்று எஞ்சியிருந்த ஐவர் ஏறத்தாழ 20 ஆண்டுச் சிறைக்குப் பின் 2024 டிசம்பரில் ஆஸ்திரேலியா திரும்பினர். அதனால் உலகம் பாதுகாப்பை இழந்ததாக எங்களுக்குத் தோன்றவில்லை.

அறநூல்களின் ஒளியில்

வள்ளுவரைச் சான்று காட்டியோர்க்கு அவர் அதிகாரத்திலேயே விடை இருக்கிறது. செங்கோன்மையின் கடைசிக் குறள் களையெடுப்பைக் கூறுகிறது. முதற் குறளோ, குற்றத்தை ஆராய்ந்து, யாரிடத்தும் ஒருபால் சாயாமல், தக்கது எது என்று தேர்ந்து செய்வதே முறை என்கிறது. ஆராய்வதற்கும் தேர்வதற்கும் இடமே தராத கட்டாயத் தண்டனை முதற் குறளைத் தாண்டிக் கடைசிக் குறளுக்குக் குதிப்பதாகும்.

திருச்சபையின் போதனையும் இதில் வளர்ந்தே வந்திருக்கிறது. முற்காலத்தில் சமூகத்தைக் காக்க வேறு வழியில்லாதபோது மரண தண்டனையை அது விலக்கவில்லை. 1995-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், அத்தகைய தேவை இக்காலத்தில் மிக அரிது, இல்லையென்றே சொல்லலாம் என்று எழுதினார். 2018-இல் திருத்தந்தை பிரான்சிஸ் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மனித மாண்புக்கு எதிரானது என்பதால் மரண தண்டனை ஏற்கத்தக்கதன்று என்று அறிவித்தார்.

1966-ஆம் ஆண்டு ஐக்கிய நாடுகள் உடன்படிக்கையும், மரண தண்டனையை நீக்காத நாடுகள் அதை "மிகக் கடுமையான குற்றங்களுக்கு" மட்டுமே விதிக்கலாம் என்கிறது. வேண்டுமென்றே உயிரைப் பறிக்கும் குற்றங்களே அவ்வகையின என்றும், போதைப்பொருள் குற்றங்கள் அதில் அடங்கா என்றும் அதன் மனித உரிமைக் குழு 2018-இல் விளக்கியது. இந்தியாவும் இலங்கையும் இவ்வுடன்படிக்கையில் சேர்ந்துள்ளன. சிங்கப்பூரும் மலேசியாவும் சேரவில்லை.

எங்கள் தீர்ப்பு

கடத்தல் கொடிய குற்றம். கடுமையான தண்டனை கட்டாயம் வேண்டும். அம்மட்டில் முதல் அணி சொன்னது சரி. ஆனால் உயிரைப் பறிக்கும் தண்டனை முறையன்று. அது எய்தவனை விட்டு அம்பை ஒடிக்கிறது. பிழையைத் திருத்த வழியில்லாமல் செய்கிறது. முதலாளியைக் காட்டித் தரக்கூடிய சாட்சியை அழிக்கிறது. அதற்கு மாறாக நீண்ட சிறை, கடத்தலில் சேர்த்த சொத்தைப் பறிமுதல் செய்தல், நாடுகளுக்கிடையே காவல்துறை ஒத்துழைப்பு ஆகியவை வேண்டும். அறுவரில் ஐவர் இதற்கு உடன்பட்டோம். ஒருத்தி, முதலாளி பிடிபட்டால் மட்டும் தூக்கு வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறாள். அவள் கருத்தையும் மறைக்காமல் பதிவு செய்கிறோம்.

முடிவுரை

கட்டுரையை ஆசிரியையிடம் தருமுன், அந்தத் தோழியிடம் படிக்கக் கொடுத்தோம். உணவு இடைவேளை முழுதும் படித்தாள். பிறகு, "சித்தி இதை ஒத்துக்கமாட்டாங்க" என்றாள். சற்று நேரம் கழித்து, "ஆனா ஒண்ணு. அண்ணனுக்கு முதல்ல கொடுத்தவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவன்கூடப் படிச்ச பையன்தான். அவன் இப்போ அண்ணனைவிட மோசமா இருக்கான். அவங்க அம்மாவும் சாவியை இடுப்பிலதான் வச்சிருக்காங்க" என்றாள்.

அதைக் கேட்டபின் எங்களுள் யாராலும் பேச முடியவில்லை. "தூக்கில் போட வேண்டியவன்" என்று நாங்கள் மனத்தில் வரைந்திருந்த முகம் ஒரு கணத்தில் மாறிவிட்டது.

"எல்லாம் எழுதியிருக்கீங்க. அண்ணனை எங்கே சேர்க்கணும், சேர்த்தால் போலீஸ் பிடிக்குமான்னு எழுதலையே" என்றும் கேட்டாள். அவள் கேட்டது சரியே. ஆகவே கடைசியாக அதனை எழுதுகிறோம். போதைக்கு அடிமையான ஒருவர் தாமே முன்வந்து, அரசோ உள்ளாட்சி அமைப்போ நடத்தும் அல்லது அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றால், சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ பயன்படுத்தியதற்காகவோ அவர் மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்று நம் சட்டத்தின் 64-ஏ பிரிவு பாதுகாப்பு அளிக்கிறது. சிகிச்சையைப் பாதியில் விடாமல் முடிக்க வேண்டும் என்பதே அதற்கு நிபந்தனை. மறுவாழ்வுக்கு வழிகாட்ட 14446 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை இந்திய அரசு நடத்துகிறது. மாநிலத்தின் எந்த மூலையிலிருந்தும் அழைக்கலாம்.

தோழியரே, நாளை நம்முள் பலர் படிப்புக்கும் வேலைக்கும் அயலூர், அயல்நாடு செல்வோம். பிறர் தரும் பெட்டியை, எவ்வளவு நெருங்கியவர் தந்தாலும், திறந்து பார்க்காமல் தூக்காதிருப்போம். நம் வீட்டிலோ தெருவிலோ ஒருவர் இப்பழக்கத்தில் வீழ்ந்தால், மானத்திற்கு அஞ்சி மூடி மறைக்காமல் மருத்துவரிடம் கொண்டு செல்வோம். சென்ற வாரம் நாங்கள் இருவர் அத்தோழியோடு அவள் சித்தி வீட்டுக்குச் சென்று, அந்த எண்ணை ஒரு தாளில் எழுதிக் கொடுத்து வந்தோம். சித்தி ஒன்றும் சொல்லவில்லை. தாளை வாங்கி நான்காக மடித்து, சாவிக் கொத்தோடு இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.